பூஞ்சைக்கு வந்த பழி

"கொலை நடந்திருக்கு மேடம்."

அன்னாள் இப்படிச் சொன்னதும், மெதுவடையைக் கடிக்கப்போன சைமன்ராஜ் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டான்.

"செத்தது யாரு?" என்றாள் தமயந்தி.

அன்னாள் மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு செடியை எடுத்து மேசை மேல் கிடத்தினாள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்த பருத்திச் செடி. இலைகள் துவண்டு தொங்கின. வேரின் தோல் நார் நாராக உரிந்து, ஈரமாக, மஞ்சளாக அழுகியிருந்தது.

"இது மாதிரி நானூறு செத்துக் கெடக்கு. நான்தான் கொன்னேன்னு ஊர்ல சொல்லிகினு இருக்காங்க."

சைமன்ராஜ் இப்போதுதான் வடையைக் கடித்தான். "பாடி சின்னதா இருக்கேன்னு பார்த்தேன். நானூறுன்னா பெரிய கேஸ்தான் மேடம். போஸ்ட்மார்ட்டத்துக்கே ஒரு லாரி வேணும்."

"சைமன், வடையைத் தின்னு முடி. அப்புறம் பேசு."

நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜாரில், ஒரு தையல்கடையின் மாடியில் இருந்தது தமயந்தி துப்பறியும் நிலையம். தமயந்திக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள். குரலை வைத்தே பொய்யைப் பிடித்துவிடுவாள் என்று பெயர். சைமன்ராஜுக்கு முப்பத்தெட்டு. கான்ட்ராக்டில் பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளிடம் அதிகமாக ஜோக் அடித்தான் என்ற புகாரில் வேலையை இழந்து இங்கே சேர்ந்தவன்.

2015 ஜனவரி ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. ஜன்னலுக்கு வெளியே மார்கழிப் பனி இன்னும் முழுதாக விலகவில்லை. முதல் ஷிப்ட் பஸ்கள் போய் முடிந்து பஜார் சோம்பலாகக் கிடந்தது.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள் தமயந்தி.

அன்னாள் கம்மாபுரம் பக்கத்துக்காரி. நாற்பது வயது. சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் கணவன். அவளும் இன்னும் ஐந்து பெண்களும் வேளாண் பயிற்சிக்குப் போய்வந்து, விவசாயிகள் குழுவின் இடத்தில் ஒரு கொட்டகை போட்டு, டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சையை வளர்த்துப் பொடியாக்கி விற்கிறார்கள்.

"பூஞ்சையைக் காசு கொடுத்து வாங்குறாங்களா?" சைமன்ராஜ் திகைத்தான். "எங்க வூட்டு ரொட்டியில சும்மாவே வருதே."

"அது வேற, இது வேற அண்ணே. பருத்திக்கு வேரழுகல் வருதில்ல, அதைக் கொண்டாறதும் ஒரு பூஞ்சைதான். மண்ணுக்குள்ள ஒளிஞ்சிகினு இருக்கும். நம்ம பூஞ்சை அதைத் தேடிப் போயி, கொடி மாதிரி சுத்திப் பின்னி, அதையே தின்னுடும். செடியை ஒண்ணும் பண்ணாது."

"அப்போ பூஞ்சைக்குள்ளேயே திருடனும் இருக்கான், போலீஸும் இருக்கான்."

"ஆமாண்ணே. நாங்க போலீஸ்காரனை பாக்கெட்ல அடைச்சு விக்கிறோம்."

தமயந்தி சிரித்துவிட்டாள். அன்னாள் சிரிக்கவில்லை. பச்சை எழுத்தில் அச்சடித்த ஒரு அரைக் கிலோ பாக்கெட்டை எடுத்துப் பிரித்தாள். உள்ளே முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வெள்ளையான, வழவழப்பான பொடி. மாக்கல் பொடியில் பூஞ்சை வித்தைக் கலந்து வைப்பது வழக்கம் என்றாள்.

கார்த்திகை மழை விட்டதும் பன்னிரண்டு பேர் இதே பொடியை வாங்கினார்கள். பதினோரு பேர் வயலில் பருத்தி செழித்து நிற்கிறது. கொளஞ்சிநாதன் என்பவரின் இரண்டு ஏக்கரில் மட்டும் வட்ட வட்டமாகச் செடி சாகிறது. அன்னாள் கொடுத்த பொடிதான் நோயைக் கொண்டுவந்தது, அது போலி என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குக் குழுக் கூட்டம் மேடம். கொட்டாயைக் காலி பண்ணச் சொல்லித் தீர்மானம் போடப்போறாங்களாம். ஆறு பொம்பளைங்க மூணு வருஷமா படிச்ச படிப்பு, பட்ட பாடு. பேரு கெட்டுப்போச்சுன்னா வேற ஊர்லயும் யாரும் வாங்க மாட்டாங்க."

"நீங்க யாரைச் சந்தேகப்படுறீங்க?"

"வடலூர்ல மதிவாணன்னு பூச்சிமருந்துக் கடைக்காரரு. எங்க பொடி வந்ததுலேருந்து அவருகிட்ட வேரழுகல் மருந்து விக்கிறது கொறைஞ்சிபோச்சு. அவரு ஆளை வச்சு பாக்கெட்டை மாத்தியிருப்பாரு."

"உங்க பொடிக்கு உயிர் இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"சுலபம் மேடம். ஆறின சோத்து மேல தூவி, ஈரம் காயாம மூடி வையுங்க. நாலாம் நாளு பச்சையா பூத்திடும். பூக்கலைன்னா செத்த பொடி."

தமயந்தி எழுந்தாள். "சைமன், வண்டியை எடு. சாட்சிக்கு நாலு நாள் ஆகுமாம். கூட்டத்துக்கும் சரியா நாலு நாள்தான் இருக்கு."

* * *

கொளஞ்சிநாதனின் வயல், சுரங்கத்து மண்மேடு தூரத்தில் சாம்பல் மலையாகத் தெரியும் இடத்தில் இருந்தது. பச்சைப் பருத்திக்கு நடுவே ஆங்காங்கே வழுக்கை விழுந்த மாதிரி காய்ந்த வட்டங்கள். சைமன்ராஜ் ஒரு செடியைத் தொட்டான். கையோடு வந்துவிட்டது.

"நான் இழுக்கவே இல்ல மேடம். இது தற்கொலை."

கொளஞ்சிநாதனுக்கு ஐம்பது வயது இருக்கும். கொடுவாள் மீசை. வந்திருப்பது அன்னாளின் ஆட்கள் என்று தெரிந்ததும் குரல் ஏறியது.

"நீங்களே பாருங்க. நல்லா இருந்த நெலம். காளானைக் கொண்டாந்து கொட்டிட்டு மருந்துன்னு சொன்னா?"

"பொடியை யாருங்க போட்டது?" தமயந்தி கேட்டாள்.

"யாரு போடுவாங்க? நான்தான். விதைக்கிற அன்னைக்கு, நவம்பர் முப்பது, ஞாயித்துக்கெழம. தொழுவுரத்துல கலந்து, என் கையாலயே சால் சாலா போட்டேன். ஆளுங்களை நம்புற ஜாதி இல்லம்மா நான்."

"பொடி பார்க்க எப்படி இருந்தது?"

"பச்சைப்பசேல்னு இருந்திச்சி. ரெண்டு நாளு கையில பச்சை போவலியே!"

தமயந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அவள் கண்ணாடி துடைத்தால் எதிராளி ஏதோ உளறியிருக்கிறான் என்பது சைமன்ராஜுக்குத் தெரியும். என்ன உளறல் என்பதுதான் தெரியாது.

"எத்தனை பாக்கெட் வாங்கினீங்க?"

"நாலு. மூணு போட்டேன். ஒண்ணு மிச்சம் இருக்கு."

"ரெண்டு ஏக்கருக்கு நாலும் வேணுமே?"

கொளஞ்சிநாதன் மீசையைத் தடவினார். "போதும்னு வுட்டுட்டேன். அதனால என்ன இப்போ?"

மிச்சமிருந்த பாக்கெட்டை எடுத்துவர அவர் மனைவி பார்வதிக்குக் குரல் கொடுத்தார். வயலை ஒட்டியே வீடு. பார்வதி ஒல்லியான பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பிரிக்காத பாக்கெட்டைக் கொண்டுவந்து தமயந்தியிடம் நீட்டினாள். தரும்போது அதை விட மனமில்லாதவள் மாதிரி ஒரு கணம் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டாள்.

"மோரு குடிக்கிறீங்களாம்மா?"

"இன்னொரு நாள் வந்து குடிக்கிறேங்க," என்றாள் தமயந்தி.

அலுவலகம் திரும்பியதும் சைமன்ராஜின் வீட்டிலிருந்து இரண்டு டிபன் பாக்ஸ்கள் வந்தன. இரண்டிலும் ஆறிய சோறு. ஒன்றில் அன்னாள் விட்டுப்போன பொடி, மற்றொன்றில் கொளஞ்சிநாதன் வீட்டுப் பொடி. மேலே ஈரத்துணி. சைமன்ராஜ் ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டினான்.

"மேடம், என் பொண்டாட்டிகிட்ட இதை ஆபீஸ் மீட்டிங்குக்குன்னு சொல்லி வாங்கியிருக்கேன். பச்சையானா அடுத்த கொலை எங்க வூட்லதான்."

* * *

செவ்வாய்க்கிழமை வடலூர். நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் மதிவாணனின் கடை. திட்டப்படி சைமன்ராஜ் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் செத்த செடியோடு, பருத்தி விவசாயியாக உள்ளே போனான். தமயந்தி பக்கத்து டீக்கடையில் காது கொடுத்து நின்றாள்.

"அண்ணாச்சி, வேரு அழுகுதுங்க. இந்தப் பொம்பளைங்க விக்கிற பொடியைப் போட்டேன், ஏமாந்துட்டேன். நீங்கதான் கரை சேர்க்கணும்."

மதிவாணன் செடியைப் பார்க்கவில்லை. சைமன்ராஜின் கையைப் பார்த்தார்.

"எத்தனை ஏக்கரு?"

"மூணு."

"மூணு ஏக்கர்காரன் உள்ளங்கை இப்படி அல்வா மாதிரி இருக்காது. ஆனா கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேஞ்சிருக்கு. நீ சீட்டு கிழிச்சவன். அஞ்சு வருஷத்துக்கு முன்னால மந்தாரக்குப்பம் பஸ்ஸுல எனக்குச் சில்லறை தராம ஜோக் சொல்லி எறக்கிவுட்டவன் நீதானே?"

டீக்கடையில் தமயந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவளே உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள்.

மதிவாணன் கோபப்படவில்லை. பின்னால் திரும்பி, அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். அங்கே வேறொரு கம்பெனியின் டிரைக்கோடெர்மா பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன.

"நானும் அதையேதான்மா விக்கிறேன். அந்தம்மா பொடி போலின்னு ஊரு நம்பினா, என் பொடியை மட்டும் எவன் வாங்குவான்? பூஞ்சைக்கே கெட்ட பேரு வந்துடும். அந்தம்மா நல்லா இருக்கணும்னு வள்ளலாரை வேண்டிகினு இருக்கிறவன் நான்."

தமயந்தி அந்தக் குரலைக் காதுக்குள் ஒரு முறை உருட்டிப் பார்த்தாள். பொய் இல்லை.

"மேடம்," சைமன்ராஜ் மெல்ல அழைத்தான். "நம்ம குற்றவாளி கைநழுவிப் போயிட்டான். நாம ஊருக்குப் போலாமா?"

தமயந்தி நகரவில்லை. கடையின் உள்சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. கேரம் போர்டைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள். கொடுவாள் மீசைக்காரர் ஒருவர் சிவப்பு பிளாஸ்டிக் வாளியை உலகக்கோப்பை மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது கொளஞ்சிநாதன்தானே?"

"அவரேதான். நம்ம கடைப் பின்னால வருஷா வருஷம் கேரம் போட்டி வைப்பேன். இந்த வாட்டி ரெண்டாம் பரிசு வாளி அவருக்கு. காலையில எட்டு மணிக்கு வந்தாரு, சாயங்காலம் ஆறரைக்குதான் போனாரு."

போட்டோவின் ஓரத்தில் மஞ்சள் எழுத்தில் தேதி பதிந்திருந்தது: 30.11.2014.

சைமன்ராஜ் விசில் அடிக்கப் போய், தமயந்தியின் பார்வையைக் கண்டு அதை இருமலாக மாற்றினான்.

"விதைச்ச ஞாயித்துக்கிழமை! வயல்ல என் கையாலயே போட்டேன்னாரு, இங்க கையால ஸ்ட்ரைக்கரைத் தட்டிக்கினு இருந்திருக்காரு!"

"திங்கட்கிழமையே எனக்குத் தெரியும், அவர் பாக்கெட்டைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலைன்னு. எப்படின்னு யோசி. இப்போ அந்தப் போட்டோவை உன் போன்ல எடுத்துக்கோ."

வழியெல்லாம் சைமன்ராஜ் யோசித்தான். இந்திரா நகர் தாண்டும்போது வண்டியைச் சடாரென்று நிறுத்தினான்.

"பச்சை! பொடி பச்சைன்னாரு. பாக்கெட்டு எழுத்துதான் பச்சை. பொடி வெள்ளை!"

"பரவாயில்ல. பத்து கிலோமீட்டர்ல கண்டுபிடிச்சுட்டே."

* * *

வெள்ளிக்கிழமை காலை. டிபன் பாக்ஸ்களைத் திறந்தபோது சைமன்ராஜ் இரண்டடி பின்வாங்கினான். இரண்டிலும் சோறு இல்லை. இரண்டிலும் கரும்பச்சைப் புல்தரை.

"ரெண்டும் நல்ல பொடிதான்," என்றாள் தமயந்தி. "யாரும் பாக்கெட்டை மாத்தலை. போலியும் இல்ல."

"அப்புறம் செடி ஏன் செத்தது?"

"போலீஸ் அந்த ஏரியாவுக்கே வரலை சைமன். மூணு பாக்கெட் வயலுக்குப் போய்ச் சேரவே இல்ல. அன்னைக்கு நின்னு விதைச்சது யாரோ, அவங்களுக்குத்தான் அந்த மூணும் எங்கே போச்சுன்னு தெரியும். மோர் குடிக்கப் போவோமா?"

மூன்று மணிக்கு அவர்கள் போனபோது கொளஞ்சிநாதன் வீட்டில் இல்லை. கூட்டத்துக்கு முன்பே ஆதரவு திரட்டக் கிளம்பிவிட்டார் என்றாள் பார்வதி. மோர் கொண்டுவந்தாள். கருவேப்பிலையும் பெருங்காயமும் சரியாக விழுந்த மோர். தமயந்தி மெதுவாகக் குடித்தாள். விதைப்பு நாளைப் பற்றிக் கேட்டதற்கு, "அவரு பார்த்துகினாருங்க" என்று மட்டும் பார்வதி சொன்னாள். குரல் கடைசி எழுத்தில் லேசாக உடைந்தது.

அந்த நேரத்தில்தான் சைமன்ராஜ் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கத்தினான்.

"மேடம்! இங்க வாங்க! வரட்டிக்குப் பச்சை மீசை முளைச்சிருக்கு!"

கால் கழுவப் போனவன் நிழல் விழுந்த வடக்குச் சுவரின் முன்னால் நின்றான். சுவரில் சின்னச் சின்ன வரட்டிகள், உள்ளங்கை அகலத்தில், வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன. மார்கழி மாதம் வாசல் கோலத்தின் நடுவே சாணி உருண்டை பிடித்து, அதில் பரங்கிப்பூ செருகி வைப்பார்கள் அல்லவா, அந்த உருண்டைகளைத்தான் தினமும் தட்டி ஒட்டியிருந்தார்கள். சில வரட்டிகளின் மஞ்சள் பூ இதழ் இன்னும் அப்படியே இருந்தது.

பனியில் காயாத அந்த வரட்டிகள் ஒவ்வொன்றும் கரும்பச்சையாகப் பூத்திருந்தது. காலையில் டிபன் பாக்ஸில் பார்த்த அதே பச்சை.

தமயந்தி திரும்பி, முன்வாசலுக்கு நடந்தாள். வாசலில் அன்றைய கோலம் பாதி அழிந்து கிடந்தது. குனிந்து, ஒரு கோட்டை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். கோலமாவு நெறநெறவென்று இருக்கும். இது வழவழவென்று நழுவியது.

நிமிர்ந்தபோது பார்வதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அழகா விழுந்திருக்கு கோலம்," என்றாள் தமயந்தி.

"நல்லா இழுக்க வந்திச்சும்மா," என்றாள் பார்வதி, அழுகையோடு. "இவ்ளோ நைசான மாவு நான் பார்த்ததே இல்ல."

பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. விதைப்பன்று காலையில் கொளஞ்சிநாதன் வடலூருக்குக் கிளம்பினார். வாசலில் நின்றபடியே, பாக்கெட்டில் இருக்கும் பொடியை எருவில் கலந்து போட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். பார்வதி பாக்கெட்டை வாசித்தாள். பூஞ்சை என்று போட்டிருந்தது.

"பூசணம் புடிச்சா ஊறுகாயைத் தூக்கிக் கொட்டுறோம். அரிசியைக் கொட்டுறோம். போன வருஷம் ஒரு பானை புளி பூத்துப்போச்சுன்னு நான் வாங்காத ஏச்சு இல்ல. அதையே கொண்டாந்து பயிருக்குப் போடுன்னா எப்படிம்மா மனசு வரும்? யாரோ இவரை ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சேன். வெறும் எருவைப் போட்டு வெதைச்சிட்டேன். கேட்டாரு, போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்."

"பொடியைக் கொட்டலையா?"

"காசு கொடுத்து வாங்கினதும்மா, கொட்ட முடியுமா? மார்கழி பொறந்திச்சி. கோலத்துக்கு எடுத்துகினேன். அதுதான் சாணி உருண்டையில ஒட்டிகினு இப்படிப் பூத்திருக்கு."

"ஒரு பாக்கெட்டை ஏன் மிச்சம் வெச்சீங்க?" என்று கேட்டான் சைமன்ராஜ்.

பார்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொங்கலுக்குப் பெரிய கோலம் போடலாம்னு."

சைமன்ராஜ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

"செடி சாவ ஆரம்பிச்சதும் எனக்குப் புரிஞ்சிபோச்சு," என்றாள் பார்வதி. "ஆனா அதுக்குள்ள இவரு ஊரு பூரா சொல்லிட்டாரு. அன்னாளு குளத்தங்கரையில உக்காந்து அழுதுகினு இருந்ததை ரெண்டு நாளைக்கு முன்னால பார்த்தேன். அந்தப் பக்கமே போவ முடியல. சொன்னா இவரு ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவாரும்மா. நீங்க சொல்லிடாதீங்க."

தமயந்தி அவள் கையைப் பிடித்தாள். "உங்க பேரை நான் எடுக்க மாட்டேன். ஆனா அன்னாள் பேரு இன்னைக்குச் சுத்தமாகணும். உங்க பேரைச் சொல்லாம அது எந்த அளவுக்கு ஆகும்னு எனக்கே தெரியலை. கூட்டம் நாலரை மணிக்கு. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

* * *

குழுக் கட்டடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பின்வரிசையில் அன்னாளும் மற்ற ஐந்து பெண்களும், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி. கொளஞ்சிநாதன் நடுவில் நின்று முழங்கினார். நோய் வந்த கதை, நிலம் போன கதை, கடைசியில் கொட்டகையைக் காலி பண்ண வேண்டிய காரணம். நாலைந்து தலைகள் ஆமோதித்து ஆடின.

"ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாமா?" தமயந்தி எழுந்தாள். "பொடியை நீங்களே கலந்தீங்க, இல்லையா?"

"ஆமா. என் கையாலயே."

"என்ன கலரு?"

"எத்தனை வாட்டிமா கேப்பீங்க? பச்சை!"

பொடி வாங்கிய மற்ற பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவர், "அது வெள்ளையாச்சேப்பா!" என்றார். அன்னாள் எழுந்து வந்து, ஒரு பாக்கெட்டைப் பிரித்து மேசை மேல் கொட்டினாள். வெள்ளை வெளேரென்று குவிந்தது.

"எனக்குக் கொடுத்தது பச்சை! அதுதான் போலி!" கொளஞ்சிநாதன் விடவில்லை.

"உங்க வூட்டு பாக்கெட்டையும் சோத்துல போட்டுப் பார்த்தாச்சுங்க," சைமன்ராஜ் இரண்டு டிபன் பாக்ஸ்களையும் திறந்து காட்டினான். "ரெண்டும் ஒரே வம்சம். என் பொண்டாட்டி இதைப் பார்க்கிறதுக்குள்ள கேஸை முடிச்சிடுங்க. அப்புறம் இந்தப் போட்டோவையும் ஒரு தடவை பாருங்க. நவம்பர் முப்பது, வடலூர். இந்த சிவப்பு வாளிக்குள்ளதான் எரு கலந்தீங்களா?"

போன் கைக்குக் கை மாறியது. சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைக்குப் போயிற்று. கொளஞ்சிநாதனின் காது சிவந்தது. ஒரு வழி தேடி அவர் கண்கள் அலைந்தன. சட்டென்று அது கிடைத்துவிட்டது.

"சரி, நான் போடலை! என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போனேன். அவதான்..."

"நான்தான்."

குரல் வாசலிலிருந்து வந்தது. பார்வதி இடுப்பில் ஒரு கூடையோடு நின்றாள். உள்ளே வந்து கூடையை மேசை மேல் வைத்தாள். பச்சை பூத்த வரட்டிகள்.

"பொடியை வயல்ல போடலை. கோலம் போட்டேன். பூசணம்னு பயந்து போடலை, பொய் சொன்னேன். அன்னாளு மேல தப்பு இல்ல." கணவன் பக்கம் திரும்பினாள். "நான் பொய் சொன்னது பயத்துல. நீங்க ஏன் சொன்னீங்க? நான் போடலை, கேரம் ஆடப் போயிருந்தேன்னு முதல் நாளே சொல்லியிருந்தா, என்னைக் கேட்டிருப்பாங்க, நானும் அன்னைக்கே சொல்லியிருப்பேன். நானூறு செடியில பாதி பொழைச்சிருக்கும்."

நாற்பது பேர் முன்னால் கூட்டத்தின் நடுவில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது இப்போதுதான் கொளஞ்சிநாதனுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றார், தரையைப் பார்த்து. கொஞ்சம் பொறுத்து, அன்னாளைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார்.

அன்னாள் அதைக் கேட்டாளா என்பதே சந்தேகம். அவள் கூடையிலிருந்து ஒரு வரட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக அவள் முகத்தில் இல்லாத ஒன்று வந்திருந்தது.

"அக்கா, இது எத்தனை நாளு ஆச்சு?"

"ஒரு வாரம், பத்து நாளு..."

"எங்க கொட்டாயிலயே இவ்ளோ அடர்த்தியா வரலியேக்கா! சாணியை என்ன பதத்துல உருட்டினீங்க? நெழல்லயா வச்சிருந்தீங்க?"

மற்ற ஐந்து பெண்களும் எழுந்து வந்து கூடையைச் சூழ்ந்தார்கள். வரட்டிகள் கைக்குக் கை போயின. கூட்டம், தீர்மானம், கொட்டகை எல்லாவற்றையும் மறந்து அங்கே ஏழு பெண்கள் சாணியின் ஈரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குழுத் தலைவர் இரண்டு முறை கனைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்.

அன்னாள் நிமிர்ந்தாள். "செத்த செடியைப் பிடுங்கி எரிச்சிடுங்க. சுத்தி நிக்கிற செடி வேருக்கு இதையே தூளாக்கி எருவோட போடலாம். பொடியைத் தண்ணியில கரைச்சும் ஊத்தலாம். எல்லாம் தப்பிக்காது, ஆனா பரவுறது நிக்கும். நாளைக்கே ஆரம்பிச்சிடலாம். அக்கா, திங்கட்கெழமையிலேருந்து நீங்க எங்க கொட்டாய்க்கு வரணும்."

"நானா?" பார்வதி கணவனைப் பார்த்தாள். "வந்துடுவேன். இவருக்கு மத்தியானச் சோறு யாரு ஆக்குறது?"

எல்லோரும் கொளஞ்சிநாதனைப் பார்த்தார்கள். மீசையைத் தடவப் போன கை பாதியில் நின்றது.

"நானே ஆக்கிக்கிறேன்," என்றார்.

திங்கட்கிழமை கணக்கை முடிக்கக் கொட்டகைக்குப் போன தமயந்தியும் சைமன்ராஜும், பார்வதி முழங்கை வரை பொடி பூசிக்கொண்டு பாக்கெட் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். ஒரு மணி இருக்கும். சைக்கிளில் கொளஞ்சிநாதன் வந்து இறங்கினார். கேரியரில் தூக்குவாளி. யாரையும் பார்க்காமல் மனைவியின் பக்கத்தில் அதை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

பார்வதி மூடியைத் திறந்தாள். சோறு குழைந்து களியாகியிருந்தது. குழம்பில் உப்பு போட மறந்திருந்தார்.

அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கொளஞ்சிநாதன் சைக்கிள் பெடலைப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு," என்றாள் பார்வதி.

குரலைக் கேட்ட தமயந்தி கண்ணாடியைக் கழற்றவில்லை. வெளியே வந்ததும் சைமன்ராஜ் கேட்டான்:

"மேடம், அது பொய்தானே?"

"சுத்தப் பொய்," என்றாள் தமயந்தி. "வண்டியை எடு."